புல்லட்டுக்கு மூச்சுத் திணறுகிறதா?

சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரிகிற ஜெனரல் பாட்டர்ஸ் சாலை, மோட்டார் சாமான் கடைகளுக்குப் பேர்போன இடம். சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை அந்தப் பக்கம் போயிருந்தோம். நம் நண்பர் ஒருவர், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய ஏதோ ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கடை வாசலில் நின்றிருந்தார். முகத்தில் களையே இல்லை.

"என்ன சார், கையில் என்ன?" என்று கேட்டோம்.

அவர் பதில் சொல்லாமல் தாளைப் பிரித்தார். உள்ளே ஒரு பிஸ்டன். அதன் தலையில் குன்றிமணி அளவுக்கு ஓர் ஓட்டை! ஓட்டையின் ஓரம் உருகிய மெழுகைப் போல வழிந்து உறைந்திருந்தது.

"அப்பா ஓட்டிய வண்டி சார் இது. முப்பது வருஷம் அவரிடம் இருந்தது. ஒரு நாள்கூட நடுரோட்டில் நின்றதில்லை. என் கைக்கு வந்த ஆறாவது மாதம் இந்தக் கதி!" என்றார் நண்பர்.

வண்டி, புல்லட் 350. தந்தை காலமான பிறகு அதற்குப் புத்துயிர் கொடுக்க வேண்டும் என்று நண்பருக்கு ஆசை. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் காற்று வரும் வழியையும் போகும் வழியையும் அகலப்படுத்தினார். பெரிய வால்வு போட்டார். கூடுதல் அழுத்தம் கொடுக்கும் பிஸ்டன் வாங்கினார். சைலன்சரை மாற்றினார். காற்று வடிகட்டியின் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கூம்பு வடிவத்தில் திறந்த ஃபில்டர் ஒன்றை மாட்டினார். பணம் தண்ணீராய்ச் செலவாயிற்று.

இவ்வளவையும் மாற்றிய மனிதர், கார்புரேட்டரை மட்டும் தொடவில்லை. 'வண்டிதான் ஓடுகிறதே, அதற்கு வேறு ஏன் செலவு?' என்று விட்டுவிட்டார். சித்திரை மாத வெயிலில், செங்கல்பட்டைத் தாண்டி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் முறுக்கியபடி பத்துப் பதினைந்து நிமிஷம் போயிருக்கிறார். முதலில் 'கிணிகிணி' என்று ஓர் ஓசை கேட்டது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. பிறகு 'படார்' என்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. நல்ல வேளை, கிளட்சைப் பிடித்து ஓரங்கட்டியதால் ஆள் தப்பினார்.

இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ இளைஞர்கள் பழைய மோட்டார் சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்து, யந்திரத்துக்குப் பலம் ஏற்றுகிறார்கள். அவர்களில் பலர் செய்கிற தவறு இதுதான். ஆகவே, கார்புரேட்டர் என்கிற அந்தச் சின்னஞ்சிறு சாதனத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கொசு மருந்துப் பம்பு

கார்புரேட்டர் செய்கிற வேலை ஒன்றே ஒன்று. யந்திரம் உறிஞ்சுகிற காற்றில் பெட்ரோலைச் சரியான அளவில், பனித்துளிபோல் பொடிப்பொடியாகக் கலந்து அனுப்புவது.

பழைய வீடுகளில் கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பு ஒன்று இருக்குமே, அது நினைவிருக்கிறதா? தண்டைத் தள்ளினால் காற்று ஒரு சிறு குழாயின் வாயை உரசிக்கொண்டு சீறும். உடனே டப்பாவுக்குள் இருக்கும் மருந்து தானாக மேலேறிப் புகையாய்ப் பரவும். கார்புரேட்டரின் தத்துவமும் அதுவே. வேகமாக ஓடும் காற்றின் அழுத்தம் குறைந்துவிடும் என்பதை 1738-ஆம் ஆண்டில் பெர்னூலி என்ற சுவிஸ் விஞ்ஞானி விளக்கினார். குழாயின் நடுவில் ஓர் ஒடுக்கம் இருந்தால், அங்கே ஓட்டம் வேகம் கொள்ளும், அழுத்தம் குறையும் என்று பின்னால் ஆராய்ந்தவர் வெஞ்சுரி என்ற இத்தாலியர். கார்புரேட்டரின் தொண்டைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. தொண்டையில் அழுத்தம் குறைவு. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலின் மீது வெளிக்காற்றின் அழுத்தம் அதிகம். ஆகவே பெட்ரோல் 'ஜெட்' என்னும் பித்தளைத் துளை வழியாக மேலேறுகிறது.

பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் ஒரு லாரி வேகமாய்க் கடந்தால், ஜன்னல் திரை வெளியே இழுபடுகிறதல்லவா? அதே சமாசாரம்தான்.

அரிசி மாறினால் தண்ணீரும் மாறும்

பெட்ரோலும் காற்றும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும்? ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். இது ரசாயனக் கணக்கு. ஆனால் யந்திரம் முழு பலத்துடன் இழுக்கும்போது பெட்ரோல் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படும். அப்போது ஒரு கிராமுக்குச் சுமார் 12.5 முதல் 13 கிராம் காற்று என்பது கணக்கு.

நண்பரின் புல்லட் 346 சி.சி. கொள்ளளவு உடையது. நிமிஷத்துக்கு 4,000 முறை சுற்றினால், நாலு ஸ்ட்ரோக் யந்திரம் என்பதால் 2,000 முறை காற்றை உறிஞ்சும். ஒவ்வொரு முறையும் சிலிண்டர் முழுவதும் நிரம்புவதாக வைத்துக்கொண்டால், நிமிஷத்துக்குச் சுமார் 690 லிட்டர் காற்று! நம் ஊர் உஷ்ணத்தில் அதன் எடை ஏறக்குறைய 800 கிராம். அதற்கு வேண்டிய பெட்ரோல் சுமார் 55 கிராம். இவ்வளவு காற்றுக்கும் பெட்ரோலைப் படியளந்து கொடுப்பது, குண்டூசி நுழையக்கூடிய ஒரு துளைதான்!

வீட்டில் சோறு வடிப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு படி அரிசிக்கு இவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்கு உண்டு. புது அரிசியிலிருந்து பழைய அரிசிக்கு மாறினால், அது அதிகத் தண்ணீர் குடிக்கும். அப்போதும் பழைய அளவிலேயே தண்ணீர் வைத்தால் சோறு அடிப்பிடிக்கும். நண்பரின் யந்திரத்திலும் நடந்தது இதுதான். அரிசி மாறிவிட்டது, தண்ணீர் மாறவில்லை.

காற்று கூடினால் பெட்ரோலும் கூடாதா?

"காற்று அதிகமாக ஓடினால் உறிஞ்சலும் அதிகமாகும்; பெட்ரோலும் தானாகவே அதிகம் வருமே?" என்று சில வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓரளவுக்கு அப்படித்தான் நடக்கிறது. ஆனால் முழுவதும் ஈடு ஆவதில்லை.

பழைய ஃபில்டர் பெட்டி காற்றைச் சற்றுத் தடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தடையினால் தொண்டையில் உறிஞ்சல் கூடியது. பெட்ரோல் மேலேற அதுவும் ஒரு கை கொடுத்தது. தொழிற்சாலைக்காரர்கள் அதையும் கணக்கில் சேர்த்துத்தான் ஜெட்டின் அளவை நிர்ணயித்தார்கள். பெட்டியை எடுத்துவிட்டால் காற்று தாராளமாக வரும். பெட்ரோலை இழுக்கும் சக்தி குறையும். சைலன்சர் லேசாகி, புகை சுலபமாக வெளியேறினால், சிலிண்டர் இன்னும் நன்றாக நிரம்பும். பழைய கணக்கு எல்லாப் பக்கமும் பொய்த்துப்போகும்.

பெட்ரோல் குறைந்த கலவையை மெக்கானிக்குகள் 'லீன்' என்பார்கள்; கூடியதை 'ரிச்' என்பார்கள். முழு முறுக்கில் கலவை லீனாக இருந்தால் சூடு ஏறும். கூடுதலாக வருகிற பெட்ரோல் ஆவியாகும்போது கொஞ்சம் சூட்டைத் தன்னுடன் எடுத்துக்கொள்ளும். இப்போது அந்த உதவியும் இல்லை. போதாக்குறைக்கு நண்பர் போட்டதோ அழுத்தம் கூடிய பிஸ்டன். கலவை முறைப்படி எரியாமல், ஆங்காங்கே தானாகவே வெடிக்க ஆரம்பித்தது. அவர் கேட்ட 'கிணிகிணி' ஓசை அதுதான். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அது எவ்வளவு நேரம் தாங்கும்? ஓட்டை விழுந்துவிட்டது.

இரண்டாவது தவறு

சூடு கண்ட நண்பர் சும்மா இருந்தாரா? இல்லை. சிலிண்டரைச் சீர்செய்து புதுப் பிஸ்டன் போட்டார். 'கார்புரேட்டர் சிறிசாக இருந்ததால்தானே இந்த வினை?' என்று நினைத்து, பந்தய வண்டிகளுக்குப் போடும் 32 மில்லிமீட்டர் கார்புரேட்டர் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி மாட்டினார்.

வண்டி முன்னைவிட மோசமாகிவிட்டது! சிக்னலில் நின்று புறப்பட்டால் 'பொஸ்' என்று அமுங்கும். பத்து உதை உதைத்தால்தான் கிளம்பும். பெட்ரோலோ குடம் குடமாய்க் குடித்தது. வீட்டில் தாயார், "அப்பா தெருமுனை திரும்பும்போதே வண்டிச் சத்தம் தெரியும். அப்போதே காப்பிக்குப் பால் வைப்பேன். இதென்னடா, வேறு யாரோ வீட்டு வண்டி மாதிரி இருமுகிறது?" என்று கேட்டாராம். பிஸ்டன் உடைந்ததைவிட அந்தப் பேச்சுதான் நண்பரை அதிகம் சுட்டது.

அன்று மாலை அவரை அழைத்துக்கொண்டு, புதுப்பேட்டையில் நமக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக்கிடம் போனோம். அறுபதைத் தாண்டியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'பாய்'. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கார்புரேட்டரைப் பார்த்தார். பிறகு நண்பரைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க ரேஸ் ஓட்டப் போறீங்களா?"

"இல்லை பாய். தினம் ஆபீஸுக்கு, வருஷத்தில் ரெண்டு தடவை ஊருக்கு."

"அப்போ இவ்வளவு பெரிய வாய் எதுக்கு?"

அந்த ஒரு கேள்வியில் விஷயம் அடங்கிவிட்டது. அகன்ற ஆற்றில் தண்ணீர் மெள்ள நகரும். பாலத்தின் கண்களுக்கிடையே ஒடுங்கும்போது சீறிப் பாயும். கார்புரேட்டரின் வாய் அளவுக்கு மீறி அகன்றால், யந்திரம் மெதுவாகச் சுற்றும்போது காற்றின் வேகம் குறைந்துவிடும். பெட்ரோல் ஒழுங்காக மேலேறாது. ஏறினாலும் பொடியாக உடையாமல் சொட்டுச் சொட்டாகப் போகும்.

தொழிற்சாலைக்காரர்களே என்ன செய்தார்கள் என்று பாருங்கள். இங்கிலாந்தில் ரெடிச் நகரில் பிறந்த புல்லட், 1955-இல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியதிலிருந்து நம் சென்னைத் திருவொற்றியூரின் பிள்ளையாகிவிட்டது. இங்கே உருவான 350 வண்டிக்குப் பிற்காலத்தில் வந்த மிக்கார்ப் கார்புரேட்டரின் வாய் 24 மில்லிமீட்டர். 499 சி.சி. கொண்ட 500 வண்டிக்கு 28 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், யந்திரத்தின் கொள்ளளவு 44 சதவீதம் கூடியிருக்கிறது. வாயின் பரப்பு 36 சதவீதம்தான் கூடியிருக்கிறது. நம் நண்பரோ, கொள்ளளவு அப்படியே இருக்க, வாயை 78 சதவீதம் அகலப்படுத்திவிட்டார்!

திருத்துவதா, மாற்றுவதா?

அப்படியானால் எப்போது ஜெட்டை மட்டும் மாற்றலாம், எப்போது கார்புரேட்டரையே மாற்ற வேண்டும்? பாய் சொன்ன கணக்கு இது.

சைலன்சரும் ஃபில்டரும் மட்டும் மாறியிருந்தால், பழைய கார்புரேட்டரே போதும். மெயின் ஜெட்டை ஓரிரண்டு அளவு கூட்டி, ஊசியைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிஸ்டனை மட்டும் மாற்றினாலும் அப்படியே. ஆனால் பற்றவைக்கும் நேரத்தையும் பிளக்கின் வகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹெட்டின் வழியை அகலப்படுத்தி, வால்வையோ கேமையோ பெரிதாக்கினால், அப்போது ஒரு படி பெரிய கார்புரேட்டரை யோசிக்கலாம். ஒரு படி, மூன்று படி அல்ல.

இன்னொரு காரணத்தாலும் மாற்ற வேண்டியிருக்கும். அது தேய்மானம். உள்ளே மேலும் கீழும் ஓடும் ஸ்லைடு பல வருஷம் ஓடி ஆட்டம் கொடுத்தால், அதன் ஓரமாகக் காற்று திருட்டுத்தனமாய் நுழையும். ஊசி உரசி உரசி, அதைச் சுற்றியுள்ள துளை நீள்வட்டமாகிவிடும். அந்த நிலையில் எத்தனை ஜெட் மாற்றினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

நண்பரின் தந்தை வைத்திருந்த 24 மில்லிமீட்டர் கார்புரேட்டரைப் பாய் கையிலெடுத்து ஆட்டிப் பார்த்தார். ஸ்லைடு லொடலொடவென்று ஆடியது. "இது உழைச்ச வரைக்கும் போதும். வழியையும் அகலம் பண்ணிட்டீங்க. 28 போடுவோம்," என்றார். 32-ஐ அதே தாளில் சுற்றி நண்பரிடம் கொடுத்துவிட்டார். புதுக் கார்புரேட்டரை யந்திரத்துடன் சேர்க்கும் இணைப்புக் குழாயின் உள்விட்டமும் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். நடுவில் படிக்கட்டுப்போல் விளிம்பு நின்றால் காற்று தடுக்கி விழும். அதையும் பாய் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

ஒரே வீட்டில் நாலு அறை

கார்புரேட்டரில் ஒரு ஜெட்தான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்குகிறோம் என்பதைப் பொறுத்து, வெவ்வேறு உறுப்புகள் பொறுப்பேற்கின்றன.

வண்டி நின்ற இடத்தில் 'டக்... டக்...' என்று ஓடும்போதும், முறுக்கில் எட்டில் ஒரு பங்கு வரையிலும், பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆட்சி செய்கின்றன. எட்டில் ஒன்று முதல் கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சாய்வு. கால் முதல் முக்கால் வரை, கூர்மையாகச் சரிந்திருக்கும் ஊசி. முக்காலுக்கு மேல் முழு முறுக்கு வரை மெயின் ஜெட். எல்லைகள் சற்று முன்பின் கலந்திருக்கும். ஆனாலும் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க இந்தப் பாகுபாடு போதும்.

பாய் ஒரு வேடிக்கை செய்தார். ஆக்ஸிலேட்டர் பிடியில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டினார். அதன் பக்கத்தில் கால், அரை, முக்கால் என்று மூன்று கோடு கிழித்தார். "எந்தக் கோட்டுல வண்டி முணங்குதுன்னு மட்டும் சொல்லுங்க தம்பி. யாரைக் கண்டிக்கணும்னு நான் பார்த்துக்கறேன்," என்றார்.

வரிசை தப்பக் கூடாது

ஜெட்டைத் தொடுமுன் பார்க்க வேண்டியவை சில உண்டு. வால்வு இடைவெளி சரியா? பற்றவைக்கும் நேரம் சரியா? ஃபில்டர் சுத்தமா? கிண்ணத்தில் மிதவை சரியான உயரத்தில் நிற்கிறதா? மிதவை தாழ்ந்தால் பெட்ரோல் குறையும், உயர்ந்தால் வழியும். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே கேஸ்கட் கிழிந்தோ, ரப்பர் வெடித்தோ இருந்தால் காற்று புகும். சந்தேகமானால் ஓடும் யந்திரத்தில் அந்த இணைப்பின்மேல் சிறிது தண்ணீர் தெளிக்கலாம். ஓசை மாறினால் அங்கே கசிவு என்று அறியலாம். இவற்றைச் சரிசெய்யாமல் ஜெட்டை மாற்றுவது, நோய் ஒன்றிருக்க மருந்து ஒன்று கொடுப்பதற்குச் சமம்.

அதன் பிறகு மெயின் ஜெட். 'பெரிதில் தொடங்கிச் சிறிதுக்கு இறங்கு' என்பது பொன்மொழி. ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண் கூடினால் துளை பெரிது என்று அர்த்தம். பெரிதாக இருந்தால் வண்டி புகையும், மந்தமாகும். ஆனால் பிஸ்டன் உருகாது. சிறிதாக இருந்தால் நண்பரின் கதைதான். முழு முறுக்கில் வண்டி போகும்போது ஆக்ஸிலேட்டரைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியதும் வண்டி எகிறினால், பெட்ரோல் குறைவு என்று பொருள். ஜெட்டைக் கூட்ட வேண்டும்.

அடுத்தது பைலட். யந்திரம் நன்றாகச் சூடான பிறகு, ஏர் ஸ்க்ரூவை முழுவதும் மெதுவாக மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறக்க வேண்டும். பிறகு கால் சுற்றுக் கால் சுற்றாக முன்னும் பின்னும் திருப்பி, யந்திரம் எங்கே துள்ளலாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். இந்த வகைக் கார்புரேட்டரில் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் ரிச். வெளியே திருகினால் லீன். இரண்டரை, மூன்று சுற்று வெளியே வந்தால்தான் சீராகிறது என்றால் பைலட் ஜெட் பெரிது. முழுவதும் மூடும் நிலைக்கு வந்தால்தான் சீராகிறது என்றால் ஜெட் சிறிது.

கடைசியில் ஊசி. அதன் தலைப்பக்கம் ஐந்து வெட்டுகள் இருக்கும். ஒன்றில் சிறு கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்கினால் ஊசி மேலேறும், பெட்ரோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும். நாம் அன்றாடம் ஓட்டுவது பெரும்பாலும் இந்த நடு முறுக்கில்தான். ஆகவே மைலேஜும் சுகமும் இந்தக் கிளிப்பில்தான் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று. ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். ஒரே நாளில் ஜெட்டையும் ஊசியையும் ஸ்க்ரூவையும் திருகிவிட்டால், எதனால் குணமாயிற்று, எதனால் கெட்டது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. பாய் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டார்.

பிளக் சொல்லும் ஜாதகம்

கலவை சரியா என்று கடைசித் தீர்ப்புச் சொல்வது பிளக். புதுப் பிளக் போட்டு, ஆள் நடமாட்டமில்லாத ரஸ்தாவில், மூன்றாவது கியரில் சிறிது தூரம் முழு முறுக்கில் போக வேண்டும். பிறகு ஒரே சமயத்தில் கிளட்சைப் பிடித்து, யந்திரத்தை நிறுத்தி, வண்டியை உருள விட்டு ஓரங்கட்ட வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், நடுவில் உள்ள பீங்கான் வறுத்த காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டும். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் லீன். அடுப்புக் கரியாய் அப்பியிருந்தால் ரிச்.

ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்ட பிறகு, பிளக்கில் பழையபடி அழுத்தமாக நிறம் பிடிப்பதில்லை. பீங்கானின் அடியாழத்தில் தெரியும் வளையத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். கொதிக்கும் பிளக்கை வெறும் கையால் தொட வேண்டாம். கிண்ணத்தைத் திறக்குமுன் பெட்ரோல் டாப்பை மூடுங்கள்; பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்கக் கூடாது.

எத்தனாலும் ஊட்டி மலையும்

பழைய வண்டிக்காரர்கள் இப்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. 2023-இல் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்ட பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனாலுக்குள்ளேயே பிராணவாயு இருப்பதால் அது எரியக் காற்று குறைவாகவே வேண்டும். ஆகவே 14.7 என்ற விகிதம் ஏறக்குறைய 13.5-க்கு இறங்கிவிடுகிறது. பழைய ஜெட், பழைய பெட்ரோலுக்கு அளந்தது. யந்திரத்தைத் தொடாமலே கலவை சற்று லீனாகிவிடும் என்பது இதன் பொருள். பலம் ஏற்றிய யந்திரத்தில் இதை மறந்தால் ஆபத்து இரட்டிப்பு. எத்தனால் பழைய ரப்பர் வாஷர்களையும் குழாய்களையும் ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் கிண்ணத்தை வடித்துவிடுவது நல்லது.

மலை ஏறினால் கதை தலைகீழ். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் கனம் சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் பாய்ந்த வண்டி, குன்னூர் தாண்டியதும் சோம்பும், கலவை ரிச்சாகிவிடும். அங்கேயே நெடுநாள் ஓட்டுபவர்கள் ஒரு படி சிறிய ஜெட் போடலாம். ஆனால் திரும்ப இறங்கும்போது பெரிய ஜெட்டை மறக்காமல் மாட்ட வேண்டும். "மலையில போட்ட ஜெட்டோட சமவெளியில விரட்டினவன் எத்தனை பேர் என்கிட்ட பிஸ்டனோட வந்திருக்கான் தெரியுமா?" என்றார் பாய்.

சட்டமும் ஒரு வார்த்தை

தேய்ந்த உறுப்பை மாற்றுவது ரிப்பேர். வண்டியின் தன்மையையே மாற்றுவது வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறைவாசம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே சி.சி.யைக் கூட்டுவது, யந்திரத்தையே மாற்றுவது, ஊரைக் கூட்டும் சைலன்சர் மாட்டுவது போன்ற யோசனை உள்ளவர்கள், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிட்டு இறங்குவதே உத்தமம். நம் நண்பரும் பாயின் பேச்சைக் கேட்டு, பழைய சைலன்சரையும் ஃபில்டர் பெட்டியையும் தேடி எடுத்துத் திரும்ப மாட்டிவிட்டார். அதற்குத் தகுந்தபடி பாய் ஜெட்டை மறுபடி பார்த்துக் கொடுத்தார்.

2020 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பிறகு, புது மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. காற்றை அளப்பதும் பெட்ரோலைக் கொடுப்பதும் இப்போது ஒரு சிறு மின்னணு மூளையின் வேலை. ஆனால் அதற்கு முன் வந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு மூளை, ஓட்டுகிறவரின் காதும் மெக்கானிக்கின் கையும்தான்.

நண்பரின் வண்டி சரியாக மூன்று வாரம் பிடித்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மாற்றம்; பிறகு ஒரு வாரம் ஓட்டம்; மறுபடி நோட்டில் ஒரு வரி. ஜெட்டுகளுக்கு ஆன செலவு சில நூறு ரூபாய்தான். பிஸ்டனுக்கும் 32 மில்லிமீட்டர் கார்புரேட்டருக்கும் போன பணத்தை அவர் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். நாங்கள் போனபோது அவர் இன்னும் ஆபீஸிலிருந்து வரவில்லை. தாயார் வாசலில் உட்கார்ந்து எங்களுடன் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று பேச்சை நிறுத்தி, காதைச் சாய்த்துக் கேட்டார். தெருமுனையில் 'டக்... டக்... டக்...' என்று நிதானமாக ஓர் ஓசை.

"வந்துட்டான்," என்று சொல்லிவிட்டு, பால் வைக்க உள்ளே எழுந்து போனார்.